மன்னா நின்ற நாள்

பொட்டலத்தைப் பிரிக்கும்போதெல்லாம்
ஆசேர் கேட்பான்: "என்னா இது?"
சாம்பார் சாதம்தான். நேற்றும் அதுதான்.
ஆனாலும் கேட்பான்.
வனாந்தரத்தில் அவர்களும்
பனி விலகியதும் தரையில் கிடந்ததைக்
கிள்ளியெடுத்து
இதையேதான் கேட்டார்களாம்.
கேள்வியே அதற்குப் பேராகிவிட்டது.
என்னாவுக்கும் மன்னாவுக்கும்
ஓர் எழுத்துதான் வித்தியாசம்
எங்கள் கம்மியம்பேட்டையில்.

கெடிலம் கரையேறிய ராத்திரியிலிருந்து
நகராட்சிப் பள்ளியில்
ஏழாம் வகுப்பு ஆ பிரிவில்
நாங்கள் பதினொரு குடும்பம்.
கரும்பலகையில் பாதியில் விட்டுப்போன
லாப நட்டக் கணக்கை
ஒருவரும் அழிக்கவில்லை.

மூன்றாம் நாளே முணுமுணுப்பு.
"சங்கரா மீன் குழம்பு தின்ன வாய்யா இது"
என்றார் கலியபெருமாள்.
எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும்
நினைத்து அழுதவர்கள் கதை
அவருக்கு எப்படித் தெரியும்?
செங்கல் சுமந்த தோள் மறந்தாலும்
நாக்கு மறப்பதில்லை.

நான் முணுமுணுக்கவில்லை.
நான் செய்தது வேறு.
ஒரு பொட்டலத்தைத் துணிப்பையில் சுருட்டி
பெஞ்சுக்கடியில் ஒளித்தேன்.
நாளைக்கு வண்டி வராவிட்டால்?
விடிந்ததும் நாற்றம் காட்டிக்கொடுத்தது.
விரலோடு நூல் நூலாய் வந்தது சோறு.
குப்பைத்தொட்டியில் நான் கொட்டுவதைத்
தவமணி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
மதியம் தன் இலையில் பாதியை
ஆசேர் பக்கம் தள்ளினாள்.

இருபதாம் நாள்
தாலுகா ஆபீஸ் ஆள் வந்து
திங்கட்கிழமையிலிருந்து கிடையாது என்றார்.
பள்ளிக்கூடம் திறக்கணுமாம்.
"இன்னும் முட்டியளவு நிக்குதே சார்?"
அவர் ரெஜிஸ்டரை மூடினார்.

எங்கள் தெரு ஆரம்பிக்கிற இடத்தில்
செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன்.
வடியட்டும், போகலாம்.
"வடியட்டும்னு நின்னா
பொங்கலும் இங்கதான்" என்று
புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
இறங்கினாள் தவமணி.
யோர்தானும் அப்படித்தான்.
பெட்டி சுமந்தவர்களின் கால் நனைகிற வரை
ஒரு சாண் விலகவில்லை.
எங்களுக்கு நனைந்த பிறகும் விலகவில்லை.
நடந்தோம். ஆசேர் என் தோளில்.

வீடு உயரத்தில்தான், இரண்டு படி.
உள்ளே கணுக்கால் சேறு.
கட்டிலுக்கடியில் ஒரு கெளுத்தி,
செத்து நாலு நாளாவது ஆகியிருக்கும்.
வெட்டுக்கத்தியால் சுரண்டி, வாளி வாளியாய்
வாசலில் கொட்டி,
பிறகுதான் அலமாரியைப் பார்த்தேன்.
வேதாகமம் ஊதிப்போயிருந்தது.
கொடிக்கம்பியில் கவிழ்த்துப் போட்டேன்.
சாயங்காலம் எடுத்தால்
பாதி யாத்திராகமத்திலிருந்து உபாகமம் வரைக்கும்
ஒரே கட்டி. நகம்கூட நுழையவில்லை.
நாற்பது வருஷம் ஒட்டிக்கொண்டுவிட்டது.
அதைத் தாண்டினால் நேரே யோசுவா.

அங்கே இருந்தது.
தேசத்தின் தானியத்தை அவர்கள் புசித்த
மறுநாளில் மன்னா நின்றுபோனது.
அவ்வளவுதான். ஒரே வசனம்.
இடி இல்லை, மேகம் இல்லை,
இனி நீங்களே என்று
யாரும் மலையேறிச் சொல்லவில்லை.
காலையில் எழுந்திருப்பார்கள்.
வெறுந்தரையைப் பார்த்து
எத்தனை தாய்மார்
கூடையோடு நின்றிருப்பார்கள்
என்னைப் போல, தெருமுனையில்,
செருப்பைப் பிடித்துக்கொண்டு.
கைவிட்டுவிட்டார் என்றுகூட
சொல்லியிருப்பார்கள்.

தவமணியிடம் அடுப்புப் பின் வாங்கி
ஸ்டவ்வின் வாயைக் குத்தினேன்.
ஏழு குச்சி வீணானது. எட்டாவது பிடித்தது.
ரேஷன் அரிசி, நனையாத மேல்தட்டு டப்பாவிலிருந்து.
அவசரத்தில் கொஞ்சம் முன்னாடியே வடித்துவிட்டேன்.
உப்பும் ஒரு பச்சைமிளகாயும்.

ஆசேர் தட்டைப் பார்த்தான்.
"என்னா இது?"
"சோறு."

ஒரு வாய் மென்றான்.
வேகவே இல்லை என்றான்.
பிறகு இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினான்.
இருந்தது.
மீந்ததில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன்.
இது நாளைக்கும் ஆகும்.